ஜவாஹிர் ஹாஜியாரின் தம்பி

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் 'நுஹா டெக்ஸ்டைல்ஸ்' என்றால் தெரியாதவர்கள் குறைவு. அதன் முதலாளி ஜவாஹிர் ஹாஜியார் ஒரு காலத்தில் அதே வீதியின் நடைபாதையில் குடை விற்றவர் என்பதும் ஊரறிந்த கதைதான். ஹாஜியாரே மேடைகளில் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். "நான் நெலத்துல ஒக்காந்து யாவாரம் செஞ்சவன்" என்று அவர் தொடங்கினால் சபை சுபஹானல்லாஹ் சொல்லும். அந்த நேரங்களில் பெண்கள் பக்கத்தில் இருக்கும் அவருடைய மனைவி கைரியா, முந்தானையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொள்வாள். மேடைக் கதையில் நடைபாதையில் ஒருவர்தான் இருப்பார். உண்மையில் இருந்தது இரண்டு பேர்.

இருவரும் அக்குறணைக்காரர்கள். அக்குறணை என்றதும் எல்லோரும் கடைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவர்களுடைய வாப்பா அந்தக் கடைகளுக்கு மூட்டை சுமந்தவர். அவர் மௌத்தான பிறகு மூத்தவர் ஜவாஹிரும் இளையவன் நஸீமும் கண்டிக்கு வந்து நடைபாதையில் ஒரு ரெக்ஸின் விரிப்பைப் போட்டார்கள். நாலு மூலையிலும் கயிறு கட்டிய விரிப்பு. நடைபாதைக் கடைகளை அள்ளுகிற மாநகரசபை வண்டி வருகிறது என்றால் கயிற்றை ஒரு இழு இழுத்தால் போதும், கடை மூட்டையாகித் தோளில் ஏறிவிடும்.

ஜவாஹிரைக் கட்டி வந்தபோது கைரியாவுக்குத் தையல் தெரியும். ஆடைத் தொழிற்சாலைகளில் கழித்துப் போடும் வெட்டுத்துணியை நிறைக்கு வாங்கி வந்து, பொருத்தமான துண்டுகளைச் சேர்த்துச் சின்னப் பிள்ளைகளின் சட்டையாகத் தைப்பாள். குடைக்கு மழை வேண்டும். சட்டைக்கு எந்த நாளும் நல்ல நாள்தான். கொஞ்சக் காலத்திலேயே விரிப்பில் முக்கால் பங்கு அவளுடைய சட்டைகளாயின. அண்ணனை 'நானா' என்று கூப்பிடும் நஸீம் வாயாடி. சிங்களத்தில் ஒரு பகிடி, தமிழில் ஒரு பகிடி சொல்லி, போகிற பெண்களை நிறுத்திவிடுவான். ஜவாஹிருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அவர் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கடையில் கூட்டம், எந்தக் கடை சரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

மகள் நுஹா பிறந்து நாற்பது நாள் கழியாத காலத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. பெருநாள் வியாபாரத்துக்கென்று கைரியா வயிற்றுப் பிள்ளையோடு தைத்து முடித்த சட்டைகள் அத்தனையும் அன்று விரிப்பில் இருந்தன. வண்டி வந்ததை இருவரும் காணவில்லை. ஓர் அலுவலர் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். ஜவாஹிர் விடவில்லை. இழுபறியில், கையிலிருந்த குடையின் பிடியால் ஓங்கி அடித்துவிட்டார். அந்த மனிதரின் மணிக்கட்டு முறிந்தது. சகோதரர் இருவரும் கூட்டத்தில் கலந்து தப்பி வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை, பொலிஸ் தேடுகிறது என்ற தகவல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜவாஹிர் அறைக்குள் வந்து கைரியாவின் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"எங்க ரெண்டு பேர்ல யாருன்டு அவங்களுக்கு சரியா தெரியா" என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே மொகம், ஒரே தொப்பி."

"அதுக்கு?"

"நஸீம் தனி ஆள். நான் போனா நீயும் புள்ளயும் என்ன செய்ற? நான் கேட்டா அவன் யோசிப்பான். நீ கேட்டா மாட்டேன்டு சொல்ல மாட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்டும் கேக்கவும் வாணாம். புள்ளயக் கொண்டுபோய் அவன்ட மடியில வைய்யி" என்றார்.

கைரியா எழுந்தாள். உடம்பில் இன்னும் பச்சை ஆறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளி அறைக்குப் போனாள். கதிரையில் தேநீர் ஆறிப்போக உட்கார்ந்திருந்த நஸீமின் மடியில் பிள்ளையை வைத்தாள். அவன் பிள்ளையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நானா அனுப்பினாரா, மதினி?"

அவன் பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே பொலிஸுக்கு நடந்து போனான்.

போகம்பறைச் சிறையில், ஊர்ப் பேச்சில் சொன்னால் மறியலில், அவன் ஒன்றரை வருஷம் இருந்தான். அந்தக் காலத்தில்தான் கொழும்பு வீதியில் ஒரு சிறிய கடை காலியானது. அது காலியாகும் என்று ஜவாஹிர் முன்பே கணித்து வைத்திருந்தார். கைரியாவின் நகையும், தனக்குப் பேசி வைத்திருந்த மஸீனாவைக் கட்டுவதற்கென்று நஸீம் சேர்த்து மதினியிடம் கொடுத்து வைத்திருந்த பணமும் முற்பணமாகப் போயின. "ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே எடுக்கிற" என்றார் ஜவாஹிர். கைரியா நம்பினாள். நம்பாமல் இருந்தாலும் கொடுத்துத்தான் இருப்பாள்.

விடுதலையான அன்று நஸீம் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தான். நுஹாவைத் தூக்கிக்கொண்டு, தைத்த சட்டைகளைக் கொடுக்கக் கைரியாவும் அங்கே வந்திருந்தாள். பெயர்ப்பலகையை அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். மெலிந்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. ஜவாஹிர் அவனைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தார். கைரியாவும் பிள்ளையோடு பின்னால் போனாள்.

"நல்ல கட நானா. நான் எந்தப் பக்கம் நிக்கிற? துணிப் பக்கமா, சட்டப் பக்கமா?"

ஜவாஹிர் கோப்பையைப் பார்த்தபடி பேசினார். "நீ இங்க நிக்க ஏலாடா. மறியலுக்கு போன ஆள்ன்டு வீதியில எல்லாருக்கும் தெரியும். கடக்கி வார பொம்புளைங்க பயப்புடுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

"எவ்வளவு நாள்?"

ஜவாஹிர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் கட்டியிருந்த குடைக் கட்டைத் தூக்கி அவன் முன்னால் வைத்தார். "இத வெச்சிக்க. நம்மட பழைய எடம் காலியாத்தான் ஈக்கி."

நஸீம் குடைக் கட்டையும் கைரியாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் நுஹாவின் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினாள். பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் 'கொஞ்ச நாள்' முடியவே இல்லை. நஸீம் மஸீனாவைக் கட்டினான். அவள் அவனுக்காகக் காத்திருந்தவள். அவர்களுக்கு ஜஹானா பிறந்தாள். ஜவாஹிரின் ஒரு கடை இரண்டாகி மூன்றாகியது. கைரியா தைப்பதை நிறுத்தினாள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தார்கள். குண்டசாலையில் மாடி வீடு எழும்பியது. கேட்டைத் திறக்க ஒரு ஆள், வாசலில் ஒரு கார். நஸீம் அதே ரெக்ஸின் விரிப்போடு அண்ணனின் கடை வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தான். கடைக்கு வருகிறவர்கள் காரிலிருந்து இறங்கும்போது அவன் மூட்டையை நகர்த்தி வழிவிடுவான். கைரியாவைக் கண்டால், "சொகமா மதினி?" என்று கேட்பான். அந்தக் கேள்வியில் எந்தக் குத்தலும் இருக்காது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒருமுறையாவது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டானா என்று ஏங்கினாள்.

ஜவாஹிர் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவரானார். நடைபாதை வியாபாரிகளால் கடைகளுக்கு நட்டம், அவர்களை எழுப்ப வேண்டும் என்று பல வருஷமாகச் சங்கத்தில் பேச்சு இருந்தது. பேச்சாக இருந்ததைக் காரியமாக்கிக் காட்டியவர் ஜவாஹிர் ஹாஜியார். எந்த நேரத்தில் வந்தால் பிடிக்கலாம், எந்தச் சந்து, ஒழுங்கையால் ஓடுவார்கள், சாமானை எங்கே ஒளிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததா? ஒரே வாரத்தில் நடைபாதை துடைத்து வைத்த மாதிரியானது. எழுப்பப்பட்டவர்களுக்கு ஒரு கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். வீதியில் ஒரு கடைக்காரர் பொறுப்பு நின்றால்தான் இடம்.

நஸீம் பஸ் ஏறிக் குண்டசாலைக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் கேட்டைத் தாண்டவில்லை.

"நானாட ஒரு வார்த்த போதும் மதினி. எனக்குப் பொறுப்பு நிக்க வேற கடக்காரர் யாரும் இல்ல."

ஜவாஹிர் சாப்பிட உட்கார்ந்தபோது கைரியா அதைச் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சங்கத்துத் தலைவர் தன்ட தம்பிக்கு எடம் எடுத்துக் குடுத்தான்டு நாளைக்கி பேச மாட்டாங்களா? நான் எல்லாருக்கும் ஒரே நியாயமாத்தான் ஈக்கோணும்."

"அவர் ஒங்களுக்காக மறியலுக்குப் போனவர்."

ஜவாஹிர் தலையை உயர்த்தினார். கோபப்படவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "அனுப்பினது நானா? புள்ளய மடியில வெச்சது நீ. எனக்கு நீ நியாயம் சொல்லித் தர வாணாம். கொஞ்சம் ஆணம் ஊத்து."

அவள் குழம்பை ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் தேவலை என்று பின்னால் பலமுறை நினைத்தாள்.

நஸீம் குடும்பத்தோடு தெல்தெனியவுக்குப் போனான். அங்கே சந்தையில் தட்டி கட்டிய சின்னக் கடை ஒன்று போட்டுக்கொண்டான். மஸீனா தைத்தாள், அவன் விற்றான். ஜஹானா படிப்பில் கெட்டிக்காரி. ஆசிரியை பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கினாள். அந்த வீட்டில் விடிந்ததென்றால் அவளால் விடிந்ததுதான்.

ஒருநாள் மஸீனா கைரியாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டு வருஷங்களாகியிருந்தன. "ராத்தா, நம்மட ஜஹானாவுக்கு அக்குறணையால ஒரு சம்பந்தம் வந்தீக்கி" என்றாள். பையன் பெயர் அஸ்ஃபர், மருந்துக்கடை வைத்திருக்கிறான், நல்ல குடும்பம். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போயிற்று. இப்போது, பெண்ணின் வாப்பா ஏன் மறியலுக்குப் போனவர் என்று கேட்கிறார்களாம். "நானா ஒருக்கா வந்து உண்மைய சொல்லோணும்ன்டு நான் கேக்கல்ல. தன்ட தம்பி கெட்டவர் இல்லன்டு மட்டும் சொன்னா போதும்."

கைரியா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். ஜவாஹிர் உடனே ஒப்புக்கொண்டார். "நம்மட புள்ளதானே. நானே போறேன்" என்றார். கைரியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகு இந்த மனிதனின் கல்மனம் கரைந்ததே என்று, தன் கையாலேயே வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.

அஸ்ஃபரின் வீட்டில் பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம். ஜவாஹிரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ட தம்பிக்கு அந்த வயசுல கொஞ்சம் கை நீட்டுற பழக்கம் இருந்த. ஒரு மனுசன்ட கைய முறிச்சிட்டான், பாவம் அந்த மனுசன். நான் மறைக்க விரும்பல்ல. இப்ப எவ்வளவோ திருந்திட்டான். அவன மன்னிச்சி அந்தப் புள்ளய எடுங்க. நான் பொறுப்பு."

அந்தப் பக்கம் ஒருவர், "ஹாஜியார்ட மனசு யாருக்கு வரும்" என்றார்.

கைரியாவின் மடியில் வட்டிலப்பம் இருந்தது. எழுந்து திரையை விலக்கினால் என்ன என்று தோன்றியது. வட்டிலப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அஸ்ஃபரின் உம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் திரும்பும்போது, "ஏன் அப்பிடி சென்னீங்க?" என்று கேட்டாள்.

"எப்பிடி? மன்னிக்கச் சொல்லித்தானே நான் கேட்ட."

அடுத்த மாதம் அக்குறணையிலிருந்து ஆள் வந்தது. ஜஹானா விஷயம் சரிவராதாம். மறியல் கதை சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லையாம். ஆனால் ஹாஜியாருடைய குணம் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்றாம். ஹாஜியாருக்கு ஒரு மகள் இருக்கிறாளாமே என்றார்கள்.

"அல்லாஹ் போட்ட முடிச்சி" என்றார் ஜவாஹிர்.

நுஹா கேட்டதும் ஒரு கணம் நின்றாள். "ஜஹானாவ பாத்துட்டுப் போன ஆளா?"

"ஓ, அந்த ஆள்தான்" என்றாள் கைரியா. "வாணாம்ன்டு சொல்லு மகள். ஒனக்கு வேற நூறு மாப்புள வரும்."

"அவங்க வாணாம்ன்டு சென்னதுக்கு நான் என்ன செய்ற உம்மா? நான் எடுக்காட்டி வேற யாராவது எடுப்பாங்க." சொல்லிவிட்டு அவள் தொலைபேசியில் அஸ்ஃபரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குரலும் கணக்கும் அப்படியே வாப்பா.

நாள் குறிக்க அஸ்ஃபரின் வீட்டார் குண்டசாலைக்கு வந்த அன்று, கைரியா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நகை காட்டுவதாகச் சொல்லி அஸ்ஃபரின் உம்மாவை மாடிக்குக் கூட்டிப்போனாள். அலுமாரியைத் திறக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். குடைப்பிடி யார் கையில் இருந்தது, பிள்ளையைத் தான் யார் மடியில் வைத்தாள், பின்னறையில் தம்பிக்கு என்ன கிடைத்தது, எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இந்தச் சம்பந்தம் உடைந்துபோகும், ஜவாஹிர் தன்னை வீட்டைவிட்டு அனுப்பினாலும் அனுப்புவார் என்று அவள் நினைத்தாள். அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

அஸ்ஃபரின் உம்மா கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். படி ஏறிய வலி.

"எங்களுக்கு தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"யார் அடிச்சன்டு. அன்னக்கி அந்த வீதியில எங்கட மச்சானும் நின்டவர்தானே. கடத்தெருவுல அது யாருக்குத்தான் தெரியா?"

கைரியா ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப ஏன் ஜஹானாவ வாணாம்ன்டு சென்னீங்க?"

"மகன் மருந்துக்கடய பெருசாக்க நினைக்கிறான். மாமனார் சந்தையில தட்டி போட்டு ஈக்கிறவர். ஏழ வீடு, அதால வாணாம்ன்டு வாயால சொல்ல ஏலுமா? ஒரு காரணம் சொல்லத்தானே வேணும்." அவள் பொறுமையாகத்தான் பேசினாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. "இத நீங்க இனி வேற யாருக்கும் சொல்லிட்டு ஈக்காதீங்க. நாளைக்கி எங்கட மகனுக்கும் அது கொறச்சல். எங்க, அந்த அலுமாரியத் தொறங்க."

கைரியா திறந்தாள்.

நுஹாவின் கலியாணம் பெரிய மண்டபத்தில் நடந்தது. மஸீனாவும் ஜஹானாவும் வரவில்லை. நஸீம் வந்தான், பெண்ணுக்குச் சாச்சா என்ற முறைக்கு. வாசலில் ஜவாஹிர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. மறியலுக்குப் போன தம்பியைக்கூட ஹாஜியார் ஒதுக்கவில்லை, பார்த்தீங்களா என்று பேசிக்கொண்டார்கள். சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மை தெரியும் என்று கைரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் புரியாணியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

சில வாரம் கழித்து, காரைக் கேட்காமல், பஸ்ஸில் அவள் தெல்தெனியவுக்குப் போனாள். சந்தை நாள். மஸீனா ஒரு பெண்ணுக்குப் பிள்ளைச் சட்டை அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். நஸீம் பின்னால் பெட்டியில் உட்கார்ந்து பால்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கைரியாவைக் கண்டதும் எழுந்து, தான் இருந்த பெட்டியைத் துடைத்து அவளுக்குப் போட்டான்.

"ஜஹானா?"

"பள்ளிக்குப் போயிட்டா" என்றாள் மஸீனா. மறுபடி அளவு நாடாவை விரித்தாள்.

ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்றுதான் கைரியா வந்திருந்தாள். கையில் இருந்தது ஒன்றே ஒன்று. "மஸீனா, நீ ஒன்டு தெரிஞ்சிக்கோணும். மறியலால அந்த சம்பந்தம் உடைய இல்ல. நஸீம் அடிக்க இல்லன்டு அவங்களுக்கு முந்தியே தெரியும். வீதியில எல்லாருக்கும் தெரியுமாம். இவர் மேல ஒரு குத்தமும் இல்லன்டு தெரிஞ்சிதான்..."

மஸீனாவின் கையிலிருந்த அளவு நாடா நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். கைரியாவும் திரும்பினாள்.

நஸீம் வாயிலிருந்ததை விழுங்க மறந்து நின்றான். "எல்லாருக்குமா?" என்று கேட்டான்.

"அப்பிடித்தான் சென்னாங்க."

"கொழும்பு வீதியில?"

அவள் தலையாட்டினாள்.

அந்த வீதியில் அவன் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறான். சில்லறையை அவன் கையில் படாமல் விரிப்பில் போட்டவர்கள், பிள்ளைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனவர்கள், பள்ளிவாசலில் அவன் பக்கத்து இடத்தை விட்டுத் தள்ளி நின்றவர்கள் எல்லோரையும் அவன் மன்னித்திருந்தான். அவர்களுக்குத் தெரியாதே, தெரிந்தால் அப்படிச் செய்வார்களா என்று மஸீனாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

அவன் சோற்றுப் பொதியை மடித்துக் கீழே வைத்தான்.

"இத நீங்க சொல்லாம இருந்தீக்கலாம், மதினி" என்றான்.

அவ்வளவு காலம் கைரியா எதிர்பார்த்திருந்தது அப்போது நடந்தது. நஸீம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விரிப்பின் மறுமுனைக்குப் போய், மடித்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி மடிக்கத் தொடங்கினான். தோள்கள் குலுங்கின.

மஸீனா சந்தைப் பெண்ணிடம், "கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கைரியாவின் பக்கம் வந்தாள். கைரியாவின் கைப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"எழும்புங்க" என்றாள். "யாவார நேரம். அந்தப் பெட்டி வேணும்."